வேம்புவின் மாத்திரை

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில், உழைப்பாளியின் உடல்நலத்தில் எல்லோருக்கும் மிகுந்த அக்கறை உண்டு. ஆண் உழைப்பாளி என்று திருத்தி வாசிக்கவும்.

கூலி உயர்வுப் போராட்டம் நடந்த வருஷம், நடவாள் வேம்பு முதல் பிள்ளையைச் சுமந்திருந்தாள். கை நாற்று முடியைப் பிரிக்கும் வேகத்தில் வாய் பாட்டுக் கட்டும். பண்ணைக் காரியக்காரர் குடையோடு வரப்பில் நின்றால் அந்தக் குடைக்கே ஒரு பாட்டு. அவரே சிரித்துவிடுவார், பிறகு, சிரிக்க வைத்ததற்காக அதட்டுவார்.

நர்சம்மா அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "என்ன புள்ள, ஒரு சொட்டு ரத்தம் இல்லையே!" என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். மாமியார் காளியம்மாள் அதை வாங்கி ஆராய்ந்தாள்.

"இதத் தின்னா வயித்துல புள்ள பெருத்துடும். வெளிய வராது."

ஏழு பெற்று மூன்றைக் காப்பாற்றியவள் என்பதால் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. ஆனால் சர்க்கார் மருந்தை வீணாக்கலாமா? மகன் மருதையன் சங்கத்தில் கொடி பிடிப்பவன்; பண்ணை வெளியூர் ஆளை இறக்கினால் வயலில் மறிக்க வேண்டியவன்.

"மறியலுக்குப் போற ஒடம்பு. நீ போட்டுக்கடா."

"ஒனக்கு வேணாமா?" என்று மருதையன் மனைவியிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டான்.

"நானா பண்ணையாரோட மல்லுக்கு நிக்கப் போறேன்? நீங்களே முழுங்குங்க" என்று வேம்பு சிரித்தாள்.

ஆகவே வர்க்க நலன் கருதி அவனே விழுங்கி வந்தான்.

போராட்டம் ஜெயித்தது. பெண் குழந்தை பிறந்தது. வேம்புவுக்கு ரத்தம் நிறையப் போயிற்று, பிழைத்தாள். பாட்டு மட்டும் பிழைக்கவில்லை.

பிள்ளையை மடியில் வைத்தால், யாரோ பார்த்துக்கொள்ளச் சொன்ன மூட்டையைப் போல வைத்திருந்தாள். அழுதாலும் குனிந்து பார்க்கவில்லை. ஊர் உடனே காரணங்களைக் கண்டுபிடித்தது: பொட்டப் பிள்ளை என்ற ஏக்கம், உச்சிவேளையில் மதகடிக்குப் போனது, திமிர். மூன்றுக்கும் பொதுவாகப் பூசாரி வேப்பிலையால் அடித்தார்.

பக்கத்து வீட்டு அமலோற்பவமும் கைப்பிள்ளைக்காரி. அவளிடம்தான் வேம்பு வாய் திறந்தாள்.

"அக்கா, இத எடுத்துட்டுப் போயிடு. எங்கிட்ட வேணாம்."

"ஏன்டி?"

"பாத்தா ஒண்ணுமே தோணல. எனக்கே பயமா இருக்கு."

அமலோற்பவம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். மார்பில் தன் மகனுக்கு ஒரு பக்கம், இதற்கு ஒரு பக்கம்.

அன்று சாயங்காலம் ஆளுங்கட்சிப் பொதுக்கூட்டம். தமிழ்த்தாயின் வீரப்பாலைப் பற்றிப் பேச்சாளர் முழங்கினார். மேடையில் பால் பெருகி ஓடியது. மைக் சத்தத்தில் இரண்டு பிள்ளைகளும் விழித்து அலறின.

சேதி கேட்டு நர்சம்மா வந்தார். "பேயுமில்ல, திமிருமில்ல. பெத்த பொம்பளைக்கு மனசு இப்படி விழுந்துபோறது உண்டு. வைத்தியம் இருக்கு. ஒடம்புலயும் ரத்தமே இல்ல. மாத்திரையெல்லாம் ஒழுங்கா போட்டாச்சா?"

"ஒண்ணு விடாம போட்டேங்க" என்றான் மருதையன்.

யாரும் சிரிக்கவில்லை. காளியம்மாள்கூட எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கும் ஊருக்குமாக அலைந்து, வேம்பு மெல்லத் தேறி வந்தபோது குழந்தை நடக்கவும் பேசவும் தொடங்கியிருந்தது. இரு கையையும் நீட்டினாள். அது அமலோற்பவத்தின் புடவைக்குள் ஒளிந்துகொண்டது.

"பாடுடி, வந்துடும்" என்றாள் அமலோற்பவம்.

கரகரத்த குரலில் வேம்பு அந்தப் பழைய குடைப் பாட்டைப் பாடினாள். குழந்தை எட்டிப் பார்த்தது. கைதட்டியது.

"இன்னொண்ணு" என்றது, புடவையை விடாமல்.

வேம்பு இன்னொன்று பாடினாள்.