தப்பு செய்யக் கூப்பிட்டார்கள்

அன்று நூலகத்தில் இருந்தது நாலே பேர். நூலகர் சரோஜா மிஸ். பக்கத்து ரவாங் டவுன் தொழிற்சாலையில் வேலை செய்யும் கண்ணம்மா. ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்த்து ஓய்வு பெற்ற மண்டோர் முனியாண்டி அண்ணன். அப்புறம், ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்ட நான். மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர்.

நூலகத்துப் புத்தகப் பட்டியல் இனி அதில்தானாம். டெலிபோன் கம்பி வழியாகத் தலைமை நூலகத்தோடு இணைப்பாம். சாதாரண ஆட்களுக்கு அது புரிகிறதா என்று பார்க்க எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"பயப்படாம தப்பு பண்ணுங்க. எங்க தடுமாறுறீங்கன்னு எழுதிக்கத்தான் நான் இருக்கேன்" என்றார் மிஸ்.

பயப்படாமலா? நானா?

மூன்று வருடத்துக்கு முன் இங்கே எடுத்த கோழி வளர்ப்புப் புத்தகம் இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஒரு வாரம் தாமதம்... அபராதத்துக்குப் பயந்து ஒரு மாதம்... அந்த ஒரு மாதத்துக்குப் பயந்து மூன்று வருடம்! படிக்கிற ஆசை இருந்தும் இந்தப் பக்கமே வரவில்லை. மிஸ் என் சைக்கிள் கடைக்கே வந்து கூப்பிட்டபோது மறுக்கத் தைரியம் இல்லை. அவர் ஊருக்குப் புதுசு, விஷயம் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டருக்கு?

"காய்கறித் தோட்டம் பத்தி ஒரு புத்தகம். எழுதினவர் பேரு இந்தத் தாள்ல இருக்கு. தேடுங்க."

திரையில் பச்சை எழுத்து, மலாயில் 'பெயர்' என்று கேட்டது.

முனியாண்டி அண்ணன் ஒற்றை விரலால் தன் பெயரைத் தட்டினார். அப்பா பெயரையும். சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து அந்த நம்பரையும்.

'பதிவு இல்லை.'

"நாப்பது வருசம் இந்த நாட்டுல பால்மரம் பாத்தவன்டா நான்! பதிவு இல்லையாமே!"

"அண்ணே, நம்பர மாத்தி அடிச்சிருப்பீங்க லா. தள்ளுங்க" என்று கண்ணம்மா உட்கார்ந்தாள். தன் பெயர், அப்பா பெயர், அட்டை நம்பர். பதிவு இல்லை.

என் முறை. என் பெயர், அப்பா பெயர், நம்பர்...

'பதிவு இல்லை.'

"அப்பாடா! என் பேருல ஒரு கடனும் இல்ல மிஸ்!" வாய் முந்திக்கொண்டது.

"என்ன கடன்?"

தொலைந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மிஸ் சிரித்து முடிக்க ஒரு நிமிடம் ஆனது.

"அண்ணே, இது புத்தகப் பட்டியல். இதுல உங்க பேரு எப்படி வரும்? ஆளுங்க கணக்கு என் டிராயர்லதான் இருக்கு."

ஆனால் நோட்டில் இப்படி எழுதினார்: மூவரும் ஒரே இடத்தில் தடுமாறினார்கள்; தப்பு திரையினுடையது; 'எழுதியவர் பெயர்' என்று மாற்றவும்.

யோசித்துப் பாருங்கள். தபால் நிலையம், ஆஸ்பத்திரி, நில அலுவலகம் — எந்தக் கவுண்டரில் நின்றாலும் நம்மிடம் முதலில் கேட்பது, நீ யார்? அப்பா யார்? நம்பர் என்ன? உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஒன்று வந்தால்... நமக்குப் பதில் தெரியவில்லை!

மிஸ் டிராயரைத் திறந்தார். நாளுக்குப் பத்துக் காசு வீதம் நூறு வெள்ளிக்கு மேல் மனக்கணக்குப் போட்டு, மூன்று வருடமாய்த் தூக்கம் கெட்டவன் நான்.

"அபராதம் புத்தக விலையத் தாண்டாது அண்ணே. பன்னெண்டு வெள்ளி. இதுக்கா வராம இருந்தீங்க?"

கையில் இருந்த ஐந்தைக் கொடுத்தேன். காய்கறித் தோட்டப் புத்தகத்தை என் பெயரில் பதிந்து கொடுத்தார்.

பாக்கி, ஏழு வெள்ளி.