உடையாத ஆறு மாத்திரைகள்

அந்தத் தூளின் பெயரைச் சொன்னாலே இன்றும் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.

மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன மாத்திரைக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாத்திரைக்குள் மருந்து மட்டும் இருப்பதில்லை. பல மாத்திரைகளில் மருந்தைவிட மற்ற தூள்கள்தான் அதிகம். அவற்றில் ஒன்று கிராஸ்கார்மெல்லோஸ். மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸைப் பக்குவப்படுத்திச் செய்வது. அது எந்த நோயையும் குணப்படுத்தாது. தண்ணீர் பட்டதும் உறிஞ்சி உப்பி, மாத்திரையை உள்ளிருந்தே உடைத்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வேலை நடக்காவிட்டால், விழுங்கியவருக்கு மருந்து சேர வேண்டிய அளவில் சேராது. ஈரத்தை இழுப்பதே குணம் என்பதால் மூட்டையிலேயே நனைந்துவிட்டால் தூள் வீண்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, ரத்த அழுத்த மாத்திரையைச் சோதனைக்குப் போட்டேன். ஆறு கண்ணாடிக் குழாய்கள், குழாய்க்கு ஒரு மாத்திரை, உடம்புச் சூட்டில் தண்ணீர். குழாய்கள் மேலும் கீழும் போய்வரும். பதினைந்து நிமிடத்துக்குள் ஆறும் உடைந்து அடிவலை வழியாக இறங்கிவிட வேண்டும். நேரம் முடிந்தது. ஆறும் ஓரம் மட்டும் கொழகொழத்து, அப்படியே உட்கார்ந்திருந்தன.

கலவை அறைக்குப் போனேன். அங்கே தூள்களை நிறுத்துக் கலக்கும் அக்கா நூம்பல் ஊர்க்காரர். குடும்பத்து நிலம் பிளாட்டான பிறகு வேலைக்கு வந்தவர். விஷயத்தைச் சொன்னதும் கையுறையைக் கழற்றி எறிந்தார்.

"இன்னாத்த சொல்றது மேடம்? குடோன்ல ஒழுகி, மூட்டை நனஞ்சி கட்டி கட்டியா கீது. வோணாம் சார்னேன். சலிச்சி, கீய விழறத மட்டும் போடுன்ட்டாரு. பாதி சல்லடையிலயே கட்டியா நின்னு பூட்ச்சி. எடை எழுதற கார்டுல மட்டும் முழு எடைன்னு எழுதச் சொன்னாரு. நானும் கையெழுத்து போட்டுகினு வந்தேன்."

அப்படிச் சொன்னவர் எங்கள் உற்பத்தி மேலாளர். நேரே அவர் அறைக்குப் போய் நனைந்த தூளைப் பற்றிக் கேட்டேன்.

"அது என்னம்மா மருந்தா? வெறும் சக்கை. இன்னொரு ஆறு போட்டுப் பாரு" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணு ரெண்டு உடையலைன்னாத்தான் சார் திரும்பப் போடலாம். ஆறுமே உடையலை."

"அப்போ பன்னிரண்டு நிமிஷத்துல உடைஞ்சுதுன்னு எழுதிடு. யாரு பார்க்கப் போறா?"

திரும்பிப் போய் ஆறு மாத்திரைகளையும் காகிதத்தில் எடுத்துவந்து அவர் மேசையில் வைத்தேன். "நீங்க முழுங்குங்க சார். அப்புறம் எழுதறேன்." நான் போட்ட சத்தம் பேக்கிங் பகுதி வரை கேட்டதாம். அன்றே அந்த மாத்திரைகள் இருந்த டிரம்கள் எல்லாவற்றிலும் நிராகரிப்புச் சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து முதலாளி விசாரித்தார். நாங்கள் மூன்று பேரும் நின்றோம். மேலாளர் பதறவே இல்லை. "எடை போட்டது இந்தம்மா. கையெழுத்தும் இவங்களுதுதான்" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நனைந்த மூட்டையைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. என் பரிசோதனையைத்தான் சரியென்று ஒப்புக்கொண்டுவிட்டார்களே என்று நிம்மதியாக இருந்தேனோ என்னவோ. அன்று மதியமே அக்காவை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நூம்பலுக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அவுரு பொய் சொல்வாருன்னு தெரியும். நீ இன்னாத்துக்கு கம்முனு நின்னே? மாத்திரைக்கு மட்டும்தான் உனுக்கு கோவம் வருமா?"

'மேடம்' போய் 'நீ' வந்திருந்தது. வாங்கிக்கொண்டேன். மறுநாள், நனைந்த மூட்டையைப் பற்றி அக்கா என்னிடம் சொன்னதையும் மேலாளர் சொன்னதையும் அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு முதலாளியிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அக்காவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். வந்தார். "தப்பு என்மேல இல்லன்னு எழுதிக் குடுங்க, வேலைக்கு வர்றேன்" என்றார். வாய்ப்பேச்சாகச் சொன்னால் போதாதா என்றார் முதலாளி. "கார்டுல எழுத்துல தானே மாட்டிவுட்டீங்க?" என்று கேட்டுவிட்டு அக்கா திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். இப்போது செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் சரக்குப் பிரிக்கும் வேலையில் இருக்கிறார். நான் போன் செய்தால் எடுப்பதில்லை.

அந்த மாத்திரைகளை அழித்தோம். குடோன் கூரையையும் மாற்றினார்கள். மேலாளர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். தினமும் காலையில் எனக்கு வணக்கம் சொல்கிறார். நான் திருப்பிச் சொல்வதில்லை. அது ஒன்றும் பெரிய தைரியம் இல்லை என்று எனக்குத் தெரியும்.