திருச்சிக்கு ஒன்றரை மணி நேரம்

செங்கல்பட்டு கடைத்தெருவில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்த அப்துல் சுபஹான் ஒரே ஒரு தடவை ஆகாய விமானத்தில் ஏறியவர். ஐம்பத்து நாலில், கொழும்பு வியாபாரி ஒருவரோடு திருச்சியிலிருந்து மீனம்பாக்கம் வந்து இறங்கினார். அதற்கப்புறம் எங்கள் தெருவில் யாராலும் நிம்மதியாக டீ குடிக்க முடிந்ததில்லை.

"செய்யூர்லேர்ந்து கடலை மூட்டை மாட்டு வண்டியில வந்து சேர ஒரு பகல் ஆவுது. திருச்சி ஒன்றரை மணி நேரம்தான். அப்போ எது கிட்ட கீது, சொல்லு!" என்பார். நாங்களும் தலையை ஆட்டுவோம். ஆட்டாவிட்டால் விடமாட்டார்.

அந்தக் கணக்கைச் சொல்லித்தான் மகள் பதருன்னிசாவைத் திருச்சியில் கட்டிக்கொடுத்தார். அவ்வளவு தூரம் பெண்ணை அனுப்பமாட்டேன் என்று அழுத மனைவி அமீனா பீவியையும் அதைச் சொல்லியே சம்மதிக்க வைத்தார்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதம் போய்ப் பெண்ணை அழைத்து வர வேண்டும். அப்போது பார்த்து மண்டியில் புதுக் கடலை வந்து குவிந்தது.

"இன்னாங்க, மாசம் ஏறிகினே போவுது. பொண்ணைப் போய் இட்டாந்துடலாம்" என்று அமீனா பீவி தினமும் கேட்டாள்.

"இன்னாத்துக்கு இந்த அவசரம்? நெனச்சா போயி எறங்கலாம்" என்று அவர் மூட்டைகளை எடை போடப் போய்விடுவார்.

எட்டாம் மாதம் முடியவில்லை. ஒரு விடியற்காலையில் தந்தி வந்தது: வலி கண்டுவிட்டது, உடனே வரவும்.

அமீனா பீவி பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டாள். தெற்கே போகும் காலை வண்டி செங்கல்பட்டில் நிற்கும், சாயங்காலம் திருச்சி. அவர் தடுத்தார்.

"ரயில்ல போனா பொழுது சாஞ்சிடும். ஏரோப்ளேன்ல போனா மதியம் லுஹர் தொழுகைக்கே அங்க இருக்கலாம்."

வாடகைக் காரில் வடக்கே மீனம்பாக்கம் போனார்கள். திருச்சி விமானத்தில் அன்றைக்கு இடமில்லை, நாளைக்குப் பாருங்கள் என்றார்கள். அதற்குள் காலை வண்டி செங்கல்பட்டைத் தாண்டிப் போயிருந்தது. ஒன்றரை மணி நேரம் என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை, அவ்வளவுதான். எழும்பூரில் காத்துக் கிடந்து ராத்திரி வண்டியைப் பிடித்தார்கள்.

மறுநாள் காலை போய்ச் சேர்ந்தபோது பதருன்னிசா பிழைத்துக் கிடந்தாள். பிறந்த பெண் குழந்தை முந்தின நாள் மதியம் வரைதான் மூச்சு விட்டிருந்தது. உயிர் போனபின் மய்யித்தை வைத்துக்கொண்டு காத்திருப்பது எங்கள் வழக்கமில்லை. அன்றைக்கே பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகை முடிந்ததும் அடக்கம் செய்துவிட்டார்கள். காலை வண்டியில் வந்திருந்தால் முகத்தையாவது பார்த்திருக்கலாம்.

அமீனா பீவி கணவரைத் தாண்டி நேரே மகளிடம் போனாள். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை என்று பிற்பாடு அவரே என்னிடம் சொல்லி அழுதார். அவள் மகளின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "எப்பிடிம்மா இருந்தா?" என்று கேட்டாள்.

"மூக்கு உன்னாட்டமே இருந்திச்சும்மா."

அப்துல் சுபஹான் அறை வாசலிலேயே நின்றார். உள்ளே போக அவருக்குக் கால் வரவில்லை.