எச்சில்தானே என்றார்கள்

என் கணவர் ஆவடியில் ராணுவத் தளவாடம் செய்யும் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார். கல்யாணமாகி இருபத்தேழு வருடம் ஆகிறது. உள்ளே அவர் என்ன செய்கிறார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காலையில் கேட்டில் போனை ஒப்படைத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போவார். சாயங்காலம் டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கிக்கொண்டு வருவார். இன்றைக்கு என்ன வேலை என்று கேட்டால், "வேலைதான்" என்பார். குவார்ட்டர்ஸில் இருந்தபோது எல்லா வீட்டிலும் இதே கதை என்பதால் எனக்கு அது குறையாகத் தோன்றியதில்லை. இந்த மனுஷன்தான் போன வருஷம் எங்கள் குடும்பத்தின் உள்விவரம் அத்தனையையும் ஒரு பிளாஸ்டிக் குழாயில் துப்பிக் கொடுத்தார்.

அண்ணனூரில் நாங்கள் ஃபிளாட் வாங்கிக் குடிவந்த அடுக்ககத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மரபணுப் பரிசோதனை முகாம் போட்டார்கள். எச்சிலை வைத்தே பிற்காலத்தில் என்ன நோய் வரக்கூடும் என்று சொல்லிவிடுவார்களாம். முதலில் பதிவு செய்பவர்களுக்கு ஹாட்பேக் இலவசம். எனக்கு ஆரம்பத்திலேயே பிடிக்கவில்லை. என் மகளுக்கு என்னைவிடப் பிடிக்கவில்லை. அவளுக்கு இருபத்தைந்து வயது, திருமழிசையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

"எனக்கு என்ன வரும்னு இப்பவே தெரிய வேணாம்மா. வந்தா பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டாள்.

கீழ்வீட்டுக்காரர்தான் எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி. அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் தயங்கி நின்றதைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாக்கா யோசிச்சுகினு கீறே? எச்சிதானே கேக்குறான், கிட்னியா கேக்குறான்? அண்ணாத்தே, நீ வா, துப்பு."

அண்ணாத்தே போய்த் துப்பினார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நான்கு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். இவருக்குப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் கை அரிக்கும். பி.எஃப். நாமினி, மெடிக்கல் கார்டு என்று எங்கள் விவரங்களை நிரப்பியே பழகிய கை. மனைவி பெயர், மகள் பெயர், பிறந்த தேதி, செல் நம்பர் எல்லாவற்றையும் அச்சடித்தாற்போல் எழுதினார். சம்மதம் என்று இருந்த இடத்தில் எல்லாம் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "எல்லாம் ஃபார்மாலிட்டி" என்றார்.

ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட் அவர் போனுக்கு வந்தது. மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற மரபணு மாற்றம் ஒன்று அவரிடம் இருக்கிறதாம். பிள்ளைகளுக்கு அது போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எங்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை.

"இதை மட்டும் வச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க. ஆஸ்பத்திரியில சாருக்கு முறையா இன்னொரு தடவை பாத்துடலாம். அப்புறம் பொண்ணுகிட்ட பக்குவமா பேசலாம்" என்றார் ரிப்போர்ட்டைப் பார்த்த எங்கள் டாக்டரம்மா. அதுவரை அவளிடம் மூச்சுவிடுவதில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்தோம்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால், சாயங்காலம் மகளிடமிருந்து போன் வந்தது. குமணன்சாவடியில் பஸ் மாறுவதற்காக நின்றுகொண்டிருந்தாள். பின்னால் லாரி ஹாரன் காதைப் பிளந்தது.

"அம்மா, யாரோ ஒரு பொண்ணு கூப்பிட்டா. அப்பாவுக்கு ஏதோ ஜீன் இருக்காம், எனக்கும் இருக்கலாமாம். மார்புக்கு ஸ்கேன் பேக்கேஜ் இருக்கு, இந்த வாரமே புக் பண்ணா ஆஃபர்னு சொல்றா. அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு?"

அவள் கேட்டது அப்பாவைப் பற்றி. நான் பக்கத்தில் உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியதை, யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எவளோ ஒருத்தி படித்துக் காட்டியிருக்கிறாள்.

மறுநாள் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, ஐந்தை அழுத்து என்று அலைக்கழித்து, கடைசியில் ஒரு பையன் பேசினான்.

"என் பொண்ணைப் பத்தின விவரத்தை அழிச்சுடுங்க தம்பி."

"அவங்க எங்க கஸ்டமர் இல்லையே மேடம். கஸ்டமர்தான் டெலீட் பண்ணச் சொல்லிக் கேக்க முடியும்."

"அப்புறம் எப்படி அவளைக் கூப்பிட்டீங்க?"

"அது எங்க பார்ட்னர் கம்பெனி மேடம். சார் சம்மதம் குடுத்திருக்காங்க."

"அவ குடுக்கலையே?"

"அவங்கதான் கஸ்டமர் இல்லையே மேடம்."

செக்குமாடு மாதிரி அரை மணி நேரம் அதையே சுற்றினோம். என் கணவர் மெயில் அனுப்பினார். அவருடைய கணக்கை மூடிவிட்டதாகவும், ஏற்கெனவே பகிரப்பட்ட விவரங்களைத் திரும்பப் பெற முடியாது என்றும் பதில் வந்தது. செக்ரட்டரியைப் பிடித்துச் சத்தம் போட்டேன். "எனக்கு இன்னாக்கா தெரியும்? ஹால் கேட்டான், உட்டேன்" என்று நழுவிவிட்டார்.

ஆஸ்பத்திரிப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது. மகள் இன்னும் பரிசோதித்துக்கொள்ளவில்லை. ஆனால் தெரியாமல் இருந்த நிம்மதி போய்விட்டது. குளித்துவிட்டு வர அவளுக்கு இப்போது நேரமாகிறது. ஏன் என்று நான் கேட்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். இலவசமாக வந்த அந்த ஹாட்பேக்கில்தான் இட்லி இருந்தது.

"அப்பா, ஃபேக்டரியில நீங்க என்ன பண்றீங்கன்னு ஒரு நாளாவது எங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா?" என்று மகள் கேட்டாள்.

"அதெப்படிம்மா சொல்ல முடியும்? கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேனே."

"அந்த முகாம்ல எனக்கும் சேர்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?"

அவர் ஹாட்பேக்கைத் திறந்து அவள் தட்டில் இன்னொரு இட்லி வைத்தார். திங்கட்கிழமை வழக்கம்போல் கேட்டில் போனை ஒப்படைத்துவிட்டு உள்ளே போனார். அன்று மத்தியானம் அவளுக்கு வேறொரு நம்பரிலிருந்து, வேறொரு ஸ்கேன் பேக்கேஜ் என்று அழைப்பு வந்தது.