கொம்பில்லாத சாத்தான்

ஒன்பது வயதில் ஒரு மாத காலம் நான் சாத்தானாக இருந்தேன். ராயபுரத்தில் எங்கள் சர்ச்சின் அறுப்பின் பண்டிகைக்கு யோபுவின் கதையை நாடகமாகப் போடுவது என்று முடிவானபோது, தேவதூதர் வேஷத்துக்குப் பதினான்கு பிள்ளைகள் கை தூக்கினார்கள். யோபுவின் ஒட்டகத்துக்குக்கூட இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். சாத்தானுக்குத்தான் ஆள் இல்லை. பிள்ளைகளுக்கு உள்ளூர ஆசைதான். கறுப்பு அங்கி, கொம்பு, வால் என்றால் யாருக்கு ஆசை வராது? அம்மாக்கள்தான் விடவில்லை. எங்கள் பிள்ளைக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்று ஒவ்வொருவராக வந்து சண்டே ஸ்கூல் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். வேண்டாம் என்று வந்து சொல்ல என் அம்மா ஊரில் இல்லை. அதனால் வேஷம் எனக்கு வந்தது.

அம்மா இஸ்ரேலில் இருந்தாள். எங்கள் வீடு அப்போது ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. மழைக்காலத்தில் சமையல் பாத்திரம் எல்லாம் ஒழுகுகிற இடங்களில்தான் இருக்கும். அப்பா துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் ஓட்டினார். பாதி வாழ்க்கை எண்ணூர் ரோட்டில் வரிசையில் நிற்பதிலேயே போய்க்கொண்டிருந்தது. ஒழுகாத வீடு ஒன்று கட்டியே தீருவது என்ற வெறி அம்மாவுக்குத்தான். நர்சிங் ஹோமில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட பழக்கம் இருந்ததால், இஸ்ரேலில் ஒரு யூத மூதாட்டியைக் குளிப்பாட்டி, ஊட்டி, சக்கர நாற்காலியில் தூக்கி உட்கார வைக்கும் வேலை கிடைத்தது. அவர் கொச்சியில் பிறந்தவர். இளவயதில் குடும்பத்தோடு கப்பலேறிப் போனவர். வயதாக ஆக மற்ற பாஷை எல்லாம் உதிர்ந்து மலையாளம் மட்டும் நின்றுவிட்டது. தமிழ்க்காரி என்றால் பாதியாவது புரியுமே என்று அவருடைய பிள்ளைகள் அம்மாவை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அம்மா கிளம்பியபோது எனக்கு ஐந்தரை வயது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வாட்ஸ்அப்பில் அம்மா வருவாள். எனக்கு அந்த மூதாட்டியைப் பிடிக்காது. வெளியில் ஆயா என்பேன், மனசுக்குள் கெழவி. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, என்னோடு பேசிக்கொண்டே அவருக்குத் தலை வாரிவிட்டாள். வெள்ளை முடி, கொஞ்சமே இருந்தது. அதை அவ்வளவு மெதுவாக வாரினாள். என் தலையை அத்தைதான் வாரிவிடுவாள். அத்தைக்குக் கை கனம். அன்று போனை வைத்த பிறகு சீப்பைத் தூக்கிக் கூரைமேல் எறிந்தேன்.

அம்மா போனதிலிருந்து எங்களோடு இருந்த இந்த அத்தை, அப்பாவின் அக்கா. ஜெபத்தில் உறுதியானவள். பால் பொங்கி வழிந்தால் சாத்தான். கரண்ட் போனால் சாத்தான். அப்பா டாஸ்மாக் பக்கம் திரும்பினால் கேட்கவே வேண்டாம். அம்மா போனதற்கும் அவளிடம் அதே விளக்கம்தான் இருந்தது: காசு ஆசையைக் காட்டி சாத்தான் கூட்டிக்கொண்டு போய்விட்டான். சண்டே ஸ்கூல் அண்ணன் இன்னும் விவரமாகச் சொன்னார். சாத்தான் முதலில் எல்லாரையும்விட அழகான தூதனாம். பெருமை பிடித்துக் கடவுளையே எதிர்த்தானாம். மேலேயிருந்து தள்ளப்பட்டதும் பாம்பாக வந்து ஏவாளைக் கெடுத்தானாம். அன்றிலிருந்து கடவுளுக்கு எதிரி. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. யோபுவின் கதையில் தூதர்களோடு தூதராக அவனும் போய்க் கடவுள் முன்னால் நிற்கிறானே.

"எதிரின்னா சாமி ஏன்ணா உள்ள வுட்டாரு?" என்று கேட்டேன். இப்படிக் கேட்க வைப்பதே சாத்தான்தான் என்று சொல்லி அண்ணன் ஒத்திகையைத் தொடர்ந்தார்.

வேஷம் கிடைத்த செய்தியை அம்மாவிடம் சொன்ன அன்று, கொம்புக்கு அட்டையா தெர்மாகோலா என்றும் ஆலோசனை கேட்டேன். அம்மா சிரித்தாள். பக்கத்திலிருந்து மெல்லிய குரல் ஒன்று என்ன என்று விசாரித்தது. அம்மா தனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னாள். நாற்காலி உருண்டுவரும் சத்தம் கேட்டது. போன் முழுக்க சுருக்கம் விழுந்த ஒரு முகம் வந்தது.

"நீயாணோ சாத்தான்? கொம்போ? எந்தினா மோளே கொம்பு?"

கொம்பு எதற்கு என்று கேட்கிறார் என்பது எனக்கே புரிந்தது. மீதியை அம்மா வாக்கியம் வாக்கியமாகச் சொன்னாள். அவர்களுடைய மதத்தில் சாத்தான் கடவுளுக்கு எதிரி இல்லையாம். மேலேயிருந்து விழவும் இல்லையாம். கடவுளின் சபையில் வேலை பார்க்கிறவனாம். மனுஷர்களின் குறைகளைத் தேடி எடுத்துக்கொண்டுபோய் முன்னால் வைப்பதுதான் அவன் உத்தியோகம். உத்தரவு இல்லாமல் ஒரு துரும்பைக்கூட அசைக்க முடியாது. "கோர்ட்ல கவர்மெண்டு வக்கீல் கீறாரு இல்ல, அந்த மாரி" என்றாள் அம்மா.

"அப்ப பாம்பு?"

"பாம்பு பாம்புதானாம்."

அவர்களுடைய புது வருஷம் அப்போதுதான் முடிந்திருந்தது. அன்றைக்குக் கோயிலில் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவார்களாம். அந்தச் சத்தத்தில் சாத்தான் குழம்பி, குற்றப் பத்திரிகையை மறந்து நிற்பான் என்று ஆயாவின் அப்பா சொல்வாராம். இதைச் சொல்லும்போது ஆயா கன்னத்தை உப்பி ஊதிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை என்று வைத்திருந்ததால் அடக்கிக்கொண்டு, அவரைக் குத்துவதற்கென்றே அம்மாவிடம் ஒன்று கேட்டேன்.

"சாத்தான்தான் உன்ன அங்க இட்டுகினு போய்ட்டான்னு அத்தை சொல்லுது. நெஜமாம்மா?"

என்ன என்று ஆயா அம்மாவை விடாமல் கேட்டு, நான் சொன்னதை வாங்கிக்கொண்டு பேசினார். ஆசைகாட்டுகிற ஒன்று வெளியிலிருந்து வருவதில்லை, மனசிலேயே ஒரு உந்துதலாக இருக்கிறது என்று அவர்களுடைய பெரியவர்கள் சொல்வார்களாம். அதற்குக் கெட்ட பெயர்தான். ஆனாலும் அது இல்லாவிட்டால் யாரும் கல்யாணம் கட்ட மாட்டார்கள், பிள்ளை பெற மாட்டார்கள், வீடு கட்ட மாட்டார்கள். வீடு என்ற இடத்தில் அம்மா நிறுத்திவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். நான் அத்தையின் பக்கம் திரும்பி, கேட்டதா என்பதுபோல் பார்த்தேன். அத்தை அடுப்பில் காரியமாக இருந்தாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அதற்கு முந்திய வாரம் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அக்கா ஒரு தடவை வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாதா என்று அவர் கேட்டதற்கு அப்பா சொன்னது என் காதில் விழுந்திருந்தது: "நடுவுல வந்தா திரும்ப உள்ள வுட மாட்டான். அந்தம்மா உசுரோட கீற வரைக்கும் இவ அங்கதான். அது போச்சுன்னா விசாவும் போச்சு, வந்துருவா." மூன்றரை வருஷமாக நான் முழங்காலில் நின்று கடவுளிடம் அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒரு பதிலும் இல்லை. நாடகத்தில், யோபுவுக்குக் கஷ்டம் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்று சாத்தான் கேட்டதற்கு மட்டும் கடவுள் உடனே சரி என்கிறார். அவன் எதிரியாக இருந்தால் அது நடக்காது. ஆயா சொன்னதுதான் சரி. அவன் உள்ளே போய் வருகிற ஆள், அவன் சொன்னால் எடுபடும். பண்டிகை அன்று நான்தானே அவன்? வசனத்தை எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, கடைசியில் வாய்க்குள்ளேயே கெழவியைப் பற்றி ஒரு வார்த்தை சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த வார்த்தை என்ன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதில் தப்பிருக்கிறது என்பதும் தெரியும். இருந்தாலும் அம்மா வேண்டும்.

அறுப்பின் பண்டிகைக்கு மற்ற ஊர்களில் நெல்லும் பூசணியும் வரும். எங்கள் சர்ச்சில் வஞ்சிரம்தான் வரும். சர்ச் வளாகத்தில் ஷாமியானா போட்டு, ஐஸ் பெட்டியில் மீன், கூடையில் முட்டை, கால் கட்டிய சேவல் என்று காணிக்கையாக வந்ததை மதியம் வரை ஏலம் விட்டார்கள். அதன் பிறகு நாடகம். கடவுளாக மாமா. தினமும் ஆகாசத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர், குரலும் கனம் என்று அண்ணன் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார். திரைக்குப் பின்னால் மைக்கும் பேப்பருமாக அவர் நின்றார். நான் அட்டைக் கொம்போடு மேடையேறி இன்னொரு மைக் முன்னால் நின்றேன். அப்பா முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார்.

எங்கேயிருந்து வருகிறாய் என்று கடவுள் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். துறைமுகத்தில் கப்பல் ஊதியது.

எங்கள் பக்கத்தில் கப்பல் ஊதுவதை யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். ஆனால் அன்று மூன்று தடவை, நீளமாக ஊதியது. எனக்கு ஆயாவின் உப்பிய கன்னம் ஞாபகம் வந்தது. வசனம் மொத்தமும் போய்விட்டது. கடவுள் மறுபடி கேட்டார். நான் விழித்தேன். மூன்றாவது தடவை அவர் பேப்பரை விட்டுவிட்டு மாமாவாகவே கேட்டார்: "எங்கருந்து வர்ற, சொல்லும்மா."

"வூட்லருந்து" என்றேன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாய்க்குள் சொல்ல வைத்திருந்தது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது மைக்கில் போய்விட்டது.

"சாமி, எங்கம்மாவ அனுப்பிடு. அந்தக் கெழவிய நீ எடுத்துக்கோ."

கடவுளிடம் அதற்குப் பேப்பரில் பதில் இல்லை. ஸ்பீக்கரில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அண்ணன் ஓடிவந்து திரையை இழுத்தார். அந்த வருஷம் எங்கள் சர்ச்சில் யோபுவுக்கு ஒரு கஷ்டமும் வரவில்லை. சாத்தான் கெஞ்ச மாட்டான், தெரியுமா என்று அண்ணன் என்னைத் திட்டினார். அத்தை என் தலையில் எண்ணெய் வைத்து நீளமாக ஜெபம் பண்ணினாள். அப்பாவுக்கு வீடியோ எடுக்கும் கவனத்தில், முன்வரிசைச் சிரிப்பில் என் பேச்சு சரியாகக் கேட்கவில்லை. வேஷம் நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷமாக அந்த வீடியோவை அம்மாவுக்கு அனுப்பிவிட்டார். விஷயம் தெரிந்து அழிப்பதற்குள் அங்கே பார்த்துவிட்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி ஆகவே கூடாது என்று இருந்தது. அம்மாவின் கண் வீங்கியிருந்தது. அவள் போனைத் திருப்பினாள். ஆயாவின் முகம். கோபம் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"இதாணு ஞங்களுடெ சாத்தான்" என்றார். அவர்களுடைய சாத்தான் இப்படித்தானாம். சூழ்ச்சி பண்ண மாட்டான், ஒளிக்க மாட்டான், கடவுள் முன்னால் நேராக நின்று இருக்கிற குறையைச் சொல்லுவான். நான் சரியாகவே செய்தேனாம். அம்மா இதுவரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டுவந்தாள். பிறகு ஆயா போனுக்கு இன்னும் கிட்டே வந்தார்.

"நின்டெ அம்மையெ ஞான் வேகம் அயக்காம்."

இதை அம்மா எடுத்துச் சொல்லவில்லை. சீக்கிரம் அனுப்பி வைக்கிறேன் என்கிறார் என்று நானே புரிந்துகொண்டேன்.

"எப்போ?"

"வேகம்."

"சத்தியமா? கைய தூக்கிச் சொல்லுங்க."

மெலிந்த கை ஒன்று மெதுவாகப் போனில் ஏறி வந்தது. சத்தியம் என்றார். "தேங்க்ஸ் ஆயா" என்றேன். மனசுக்குள்ளும் அவரை ஆயா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஆயாவே அனுப்பினால் அப்பா சொன்ன விசா தடை எல்லாம் இருக்காது என்று நினைத்து, ஆயா அம்மாவுக்கு லீவு தருகிறார் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தேன். அத்தனை நாள் கேட்டும் கடவுள் சும்மா இருந்தார், ஆயா ஒரே தடவையில் கேட்டுக்கொண்டார். வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா எங்கேயோ பார்த்தார். கடவுளாக நடித்த மாமா எழுந்து வெளியே போனார்.

மாம்பழ சீசன் முடிகிற நேரத்தில், இரண்டு பெட்டிகளோடு அம்மா வந்துவிட்டாள். ஆயாவை மகன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று எனக்குச் சொன்னார்கள், நானும் நம்பினேன். வந்த புதிதில் அம்மா பகலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். எனக்குக் கோபம் வரும். வந்த பிறகும் அங்கேயே இருக்கிறாளே என்று. காலையில் எனக்குத் தலை வாரிவிடும்போது சீப்பு சிக்கினால் நிறுத்தி, விரலால் பிரித்து, அவ்வளவு மெதுவாக வாருவாள். என் முடி அடர்த்தி. இழுத்து வாரினால்தான் நிற்கும். அம்மா வாரிய பின்னல் பள்ளிக்கூடம் போவதற்குள் அவிழ்ந்துவிடும். அவள் கை வேறொரு தலைக்குப் பழகியிருந்தது.

வீடு கட்டி முடிந்து, எனக்குப் பதினைந்து வயது ஆனபோது, ஒருநாள் சமையலறை மேடையில் கண்ணாடி டம்ளருக்குள் மெழுகுவர்த்தி எரிந்தது. கரண்ட் போகவில்லையே, எதற்கு என்று கேட்டேன்.

"ஆயாவுக்கு. அவுங்க தவறிப்போன நாளு. அவுங்க வூட்டுக்காரருக்கு அவுங்க இப்டித்தான் ஏத்துவாங்க" என்றாள் அம்மா.

காலண்டரைப் பார்த்தேன். அம்மா வந்து இறங்கிய தேதி எனக்கு மறக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒன்பது நாள்தான் இருந்தது.

அம்மாவை அனுப்புவதற்கு, தான் போய்ச் சேருவதைத் தவிர அவரிடம் வேறு வழி எதுவும் இருக்கவில்லை. அது தெரிந்துதான் அவர் சொன்னார். தெரிந்துதான் அம்மா அந்த ஒன்றை மட்டும் தமிழில் சொல்லாமல் நின்றாள். அப்பாவுக்கும் மாமாவுக்கும் தெரியும். தெரியாமல் கையைத் தூக்கச் சொன்னவள் நான் ஒருத்திதான்.

கப்பல் நீளமாக ஊதினால் இப்போதும் அந்த முகத்தை ஒரே ஒரு தடவை போனில் பார்க்க மாட்டோமா என்று ஏங்குகிறேன். பெரிதாகப் பேச ஒன்றும் இல்லை. அந்தத் தேங்க்ஸை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.