மாமியின் பசுவும் அம்மாவின் வயிறும்

அந்த வருடக் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பால் மட்டும் குடித்து விரதம் இருப்பதாக அம்மா நேர்ந்துகொண்டார். ஜேர்மனிக்கென்று புறப்பட்ட அண்ணனிடமிருந்து மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. அவர் உயிரோடு போய்ச் சேர்ந்தாரா என்பது தெரியாமல் வீடு தவித்துக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரான வேலணையில் எங்கள் வேலிக்கு அடுத்த வளவு மாமியுடையது. மாமி அப்பாவின் அக்கா. ஒவ்வொரு பின்னேரமும் தன் பசுவின் பாலைக் காய்ச்சிச் செம்பில் கொண்டுவருவார். அம்மா குடித்து முடிக்கும்வரை நின்று பார்ப்பார்.

இரண்டாம் நாளே அம்மாவின் வயிறு ஊதி இரைந்தது. மூன்றாம் நாள் கோயிலில் புராணப் படிப்பின் நடுவில் எழுந்து ஓடிவந்தார். அதன்பிறகு வயிற்றோட்டத்தால் கிணற்றடிக்கும் வளவின் பின்பக்கத்துக்குமாக ஓயாத நடை. ஐம்பது வயதுகூட ஆகாதவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

நாலாம் நாள் மாமி இரண்டு செம்போடு வந்தார். "வயசு போகுதெல்லே மச்சாள். உள்ளுக்குள்ள கிடக்கிற அழுக்கெல்லாம் கழியுது. கூடக் குடியும், தெம்பு வரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் குடும்பத்தில் உயர்தரம்வரை படிக்க வந்தவள் நான் ஒருத்திதான். வகுப்பில் விலங்கியலில் நொதியங்கள் பற்றிப் படித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாலில் இருக்கிற சீனியை உடைக்கக் குடலில் ஒரு நொதியம் வேண்டும். குழந்தையில் அது நிறைய இருக்கும்; வளர வளரப் பலருக்குக் குறைந்துபோகும். உடையாத சீனி பெருங்குடலுக்குப் போய் நொதிக்கும். மிச்சத்தை நான் வளவின் பின்பக்கம் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா ஆயுள் முழுக்கப் பால் விடாத பிளேன்ரீதான் குடித்தார். தயிர் அவருக்கு ஒருநாளும் பிழை செய்ததில்லை, ஏனென்றால் தயிரில் அந்தச் சீனியில் ஒரு பங்கைக் கிருமிகளே தின்றுவிடும். ஏன் பால் குடிப்பதில்லை என்று அவரை யாராவது கேட்டார்களா?

"மாமி, இது அழுக்கில்லை. அம்மாவுக்குப் பாலைச் செமிக்கிற நொதியம் குறைஞ்சு போச்சு. தயிராக் குடுப்பம்."

"டொக்குத்தரம்மா வந்திட்டா! தயிர் குடிச்சா அது பால் விரதமோ? நேத்தி முறிஞ்சு பெடியனுக்கு ஏதும் நடந்தா, உன்ர நொதியமோ வந்து பதில் சொல்லும்?"

அந்தச் சொல்லை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அதைக் கேட்ட அம்மா முதற்செம்பை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். குடிக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. மற்றச் செம்பை நான் ஒளித்துத் தயிருக்கு உறைபோட்டு வைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை அம்மா கிணற்றடியில் மயங்கி விழுந்தார். தூக்கிவந்து பாயில் கிடத்தி, தயிரை நீட்டினேன்.

"இதுவும் மாமியின்ர மாட்டுப் பால்தான், எணை அம்மா. குடியுங்கோ."

"ஏலாது பிள்ளை. முருகனுக்குச் சொன்ன சொல்லு."

"முருகன் உங்கட குடலை எட்டிப் பாக்கிறாரோ?"

"நீ படிச்சனி, நீ சொல்லுறது சரியாத்தான் இருக்கும்," என்றார். "எனக்கு அவன் வேணும்."

ஆறாம் நாளும் பாலைத்தான் குடித்தார்.

சில கிழமைகளில் ஜேர்மனியிலிருந்து அண்ணனின் கடிதம் வந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். நானும் அழுதேன். மாமியோ தன் பசுவின் மகிமையை வேலணை முழுக்கச் சொல்லித் திரிந்தார். அம்மாவின் கால்கள் பழைய பலத்துக்கு வரவேயில்லை. அதற்கும் வயசைத்தான் சொன்னார்கள்.

அடுத்த வருடமும் பால் விரதம்தான் என்றார் அம்மா. விரதத்துக்கு முதல்நாள், கிணற்றடியிலிருந்து வளவின் பின்பக்கம்வரை பனைக்குப் பனை கயிறு கட்டினேன். மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"உதென்னடி, உடுப்புக் காயப்போடவோ?"

"இல்லை மாமி. உங்கட பால் போற வழி."

அம்மா என்னை அதட்டவில்லை. வந்து கயிற்றைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டு, பிள்ளை," என்றார்.