பேட்டரிக்கு வந்த கடிதங்கள்

அறுபதுகளின் கடைசியில் என் கணவருக்கு வடக்கே ஓர் உருக்காலையில் வேலை கிடைத்தது. தாம்பரத்தில் என் ஆசிரியை வேலையை விடக் கூடாது என்று அவரே முடிவு செய்தார். அவருடைய பழைய கறுப்புக் கார் என்னோடு அஸ்தினாபுரத்து வாடகை வீட்டில் தங்கிவிட்டது. எனக்கு ஓட்டத் தெரியாது.

ரயிலேறும் முன் சாவியைக் கையில் கொடுத்து, "ஞாயித்துக்கிழமை சர்ச்சுலேர்ந்து வந்ததும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வை. இல்லேன்னா பேட்டரி செத்துடும்" என்றார். என்னைப் பற்றியும் ஏதாவது சொல்வார் என்று ரயில் நகரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாரம் தவறாமல் பத்து நிமிஷம் இஞ்சினை ஓடவிட்டு, ஓலைக் கொட்டகை முழுக்கப் புகையாக்கிவிட்டு இறங்குவேன். மூன்றாம் மாதம் பேட்டரி செத்தது. அதை ரிக்‌ஷாவில் ஏற்றித் தாம்பரம் கொண்டுபோனேன். பேட்டரிக் கடைக்காரர் நான் சொன்னதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, நின்ன எடத்துல மெதுவா ஓடவுட்டா டைனமோ சார்ஜே ஏத்தாது. ஸ்டார்ட் பண்ணப் பண்ண இருக்கிறதும் பூடும். ஒயரக் கயட்டிடுங்க. மாசம் ஒரு தபா இங்க எடுத்தாங்க, சார்ஜ் போட்டுத் தரேன். வேற இன்னா வேலை கீது அதுக்கு?"

அப்படியே செய்தேன். கடைக்காரர் சொன்னதைக் கணவருக்கு மட்டும் எழுதவில்லை.

காரணம் இருந்தது. பேட்டரி செத்ததை எழுதியபோது மறுதபாலிலேயே பதில் வந்தது. இன்லண்டு லெட்டரின் மடிப்பு ஓரம்வரை எழுத்து. அதற்கு முன் பரீட்சை, மழை, தண்ணீர்க் கஷ்டம் என்று நான் எழுதியவற்றுக்குப் பதிலே கிடையாது. காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்ததை எழுதியதற்கு மூன்று வரி வந்தது. அதில் ஒன்று பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பற்றியது.

எனவே கோளாறுகளை நானே உண்டாக்கினேன். ஒயர் மாட்டும் பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது என்றேன். இஞ்சின் இருமுகிறது என்றேன். கடிதம் கடிதமாக வந்தது. ஒன்றில், டெர்மினலில் வெந்நீர் ஊற்றும்போது கையைச் சுட்டுக்கொள்ளாதே என்றுகூட இருந்தது. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பொய் சொன்ன பிள்ளைகளை பெஞ்சுமேல் ஏற்றுகிறவள், வாரா வாரம் கூசாமல் புளுகினேன்.

இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் வந்தார். பெட்டியை வைத்ததும் கொட்டகைக்குப் போனார். முந்தின நாள்தான் ஒயரை மாட்டி வைத்திருந்தேன். சாவியைத் திருப்பியதுமே இஞ்சின் பிடித்துக்கொண்டது.

"நல்லாத்தானே இருக்கு?"

"ஆமாங்க."

"எனக்காகச் சொல்லாதே. நீ பட்ட அவஸ்தையெல்லாம்தான் எழுதியிருக்கியே. ஒத்தையா எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பே. வித்துடலாம்."

அவர் அவ்வளவு கனிவாகப் பேசி நான் கேட்டதில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், எதற்காகப் பொய் எழுதினாய் என்று கேட்பார். அதற்கு என்னிடம் இருந்த பதிலை, கல்யாணமான ஆறு வருடத்தில் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மூன்றாம் நாள் பல்லாவரத்துக்காரர் ஒருவர் வந்து காரை ஓட்டிக்கொண்டு போனார். அழுகை வரும் என்று நினைத்தேன். கோபமாவது வரும் என்று நினைத்தேன். எதுவும் வரவில்லை. கொட்டகையில் துணி காயப்போடக் கொடி கட்டினேன்.

அவர் திரும்பிப் போனபின் நான்கு கடிதம் எழுதினேன். கொட்டகை ஒழுகுவதையும் பள்ளி ஆண்டு விழாவையும் எழுதினேன். நான்காவதற்குப் பதில் வந்தது. பிரித்தால் முக்கால்வாசி வெறும் நீலத்தாள்.

"இங்கு நலம். அங்கு எல்லோரும் நலம்தானே?"

அந்த வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.